வலி போயிடுச்சு... கவுட் போயிடுச்சா?

படுக்கும்போது ஒன்றும் இருக்காது. நடுராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். 'எங்கேயும் இடிச்சுக்கலையே' என்று யோசிப்பீர்கள். இது பெரும்பாலும் 'கவுட்' என்கிற மூட்டுவாதமாக இருக்கலாம்.

உடலில் பியூரின் சிதையும்போது யூரிக் ஆசிட் உண்டாகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அந்த வேலை மந்தமாகி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியலாம். இந்தப் படிகங்களை எதிர்த்து உடல் நடத்தும் போர்தான் அந்த வீக்கமும் வலியும்.

ஒன்றிரண்டு வாரங்களில் வலி தானாகவே அடங்கிவிடும். சிக்கலே அங்கேதான். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை குணப்படுத்திவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆனால், படிகங்கள் மூட்டிலேயேதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் இதே கதை தொடர்ந்தால், மூட்டு அரிக்கப்படும். அடிக்கடி போடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரகம் பழுதானால் யூரிக் ஆசிட் இன்னும் ஏறும்.

கவனிக்க வேண்டியவை:

* வலி இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 'நார்மல்' என்றுகூட வரலாம். வலி அடங்கி 2 வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

* அடிக்கடி வலி வருபவர்களுக்கு அலோபியூரினால் போன்ற மாத்திரைகளை டாக்டர்கள் தருவார்கள். இலக்கு, 6-க்குக் கீழே. ஆரம்ப மாதங்களில் வலி மறுபடி எட்டிப் பார்க்கலாம். பயந்துபோய் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

* பருப்பையும் கீரையையும் ஒதுக்கத் தேவையில்லை. குறைக்க வேண்டியவை பீர், ஈரல், ஆட்டிறைச்சி, இனிப்புக் குளிர்பானங்கள்.

* வயதானவர்களுக்கு முழங்கால் திடீரென வீங்கினால், அது கால்சியம் படிகங்களால் வரும் 'சூடோகவுட்' ஆகவும் இருக்கலாம். மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

* கவுட் வலிக்குத் தரும் கோல்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. அதற்காகக் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். உயிரையே பறிக்கும் விஷம் அது.

வலி அடங்கிய பிறகுதான் உண்மையான சிகிச்சையே தொடங்குகிறது. நன்றாக நடக்க முடிகிற நாளில் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.