மொய்யும் பெட்டியும்

தேனிப் பக்கம் காதுகுத்துக்குப் போனால், பந்தியில் இலை எடுத்த கையோடு மொய் மேஜை. இப்போ நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர், அடித்த ரசீது! இதுக்குத் தூரத்துச் சொந்தம்தான் கிரவுட்ஃபண்டிங். சாமான் செய்யுமுன்னே ஊர் உலகம் பணம் கட்டும். 2013-ல் ‘என்கேஸ் எம்1’ என்ற கம்ப்யூட்டர் பெட்டிக்கு இண்டிகோகோவில் இப்படித் திரட்டி, தைவானின் லியான் லீ கம்பெனியில் செய்து வாங்கினார்கள்.

‘நாமளும் 100 பெட்டி போடலாம் சார்’ என்கிறான் கம்பத்துப் பையன் ஒருத்தன். போடலாம் தம்பி. பிளாஸ்டிக் என்றால் அச்சு வெட்டணும். அச்சுக்கு 5 லட்சம்னு வச்சுக்கோ. 10,000 பெட்டி போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய்; 100 போட்டால் 5,000! இன்னும் ஒரு ஸ்க்ரூகூட வாங்கவில்லை. அதனால்தான் சின்ன ஆசாமிகள் தகட்டை லேசரில் வெட்டி, வளைத்து, பவுடர் கோட்டிங் அடிக்கிறார்கள். அச்சுச் செலவு மிச்சம்.

ஆனால் பெட்டிக்குள் முக்கால்வாசி காற்று. கூரியர்காரர் எடையோடு அளவையும் பார்ப்பார், காற்றுக்கும் காசு. நசுங்கித் திரும்பி வருவது, ஜி.எஸ்.டி., பணம் திரட்டித் தந்தவர் கமிஷன்... இதெல்லாம் விலை சொல்லும் முன்னாடியே கணக்கில் ஏறணும்.

மொய் என்றால் நாலு வருஷம் கழித்து அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யலாம். இங்கே பணம் கட்டினவன் பெட்டியைக் கேட்பான். நடுவில் தகடு விலை ஏறினால்? வித்தியாசத்துக்கு அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைத்தான் பார்க்கணும். அவரிடம் சொல்லியாச்சா தம்பி?