மக்களை நேரில் காண அஞ்சும் மக்கள் பிரதிநிதிகள்

2025 மார்ச் முதல் வாரத்தில், அமெரிக்காவை ஆளும் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கு மூடிய அறையில் ஓர் அறிவுரை வழங்கப்பட்டது. தொகுதி மக்களை நேரில் சந்திக்கும் கூட்டங்களைக் கைவிடுங்கள், தொலைபேசி வழியாகவோ இணைய நேரலையிலோ பேசினால் போதும் என்பதே அது. வழங்கியவர் அக்கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஹட்சன். கூட்டங்களில் கூச்சலிடுவோர் காசுக்கு வந்தவர்கள் என்று சபாநாயகர் மைக் ஜான்சன் அதற்கு நியாயம் கற்பித்தார். போராடும் விவசாயிகளை மனத்தில் வைத்து மாநிலங்களவையில் ‘அந்தோலன்ஜீவி’ என்ற சொல்லை உதிர்த்த பிரதமரைக் கண்ட நமக்கு இந்தப் பாட்டு புதிதல்ல.

தொகுதி மக்களை ஒரு பள்ளி அரங்கிலோ சமுதாயக் கூடத்திலோ கூட்டி, அவர்களது கேள்விகளுக்குப் பிரதிநிதி நின்று பதில் சொல்வது அமெரிக்க அரசியலில் நெடுங்கால வழக்கம். அதன் இடத்தில் வந்திருக்கும் தொலைபேசிக் கூட்டம் எப்படி நடக்கிறது? மாலை வேளையில் ஒரு கணினி பல்லாயிரம் எண்களுக்கு ஒரே நேரத்தில் அழைப்பு விடுக்கிறது. எடுத்தவரின் காதில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒலிக்கிறது. இணைப்பிலேயே காத்திருந்தால் பிரதிநிதியின் பேச்சைக் கேட்கலாம். கேள்வி கேட்க விரும்புவோர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அலுவலக ஊழியர் ஒருவர் வந்து பெயர், ஊர், கேள்வியின் பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். எந்தக் கேள்வியை உள்ளே விடுவது, எதை நேரம் முடியும்வரை காக்க வைப்பது என்பது அலுவலகத்தின் கையில். கேட்டு முடித்தவரின் குரல் பெரும்பாலும் அடைக்கப்படுகிறது. மழுப்பலான பதிலுக்கு மறுகேள்வி கிடையாது. இடையே ‘ஆம் எனில் 1, இல்லை எனில் 2’ என்று கருத்துக்கணிப்பும் நடக்கும். அதிகாரபூர்வமாக நடத்தப்படும் இத்தகைய கூட்டங்களுக்கான செலவு உறுப்பினரின் அலுவலகப் படியிலிருந்து, அதாவது மக்களின் வரிப்பணத்திலிருந்து போகிறது.

அந்த வசதிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டையும் உணவு உதவியையும் வெட்டி, பெரும் பணக்காரர்களுக்கு வரிச்சலுகை தரும் மசோதா அப்போது தயாராகிக் கொண்டிருந்தது. அதன் விளைவாக 2034க்குள் கூடுதலாக சுமார் 1 கோடிப் பேர் மருத்துவக் காப்பீட்டை இழப்பர் என்று நாடாளுமன்றத்தின் சொந்த வரவு-செலவு அலுவலகமே பின்னர் மதிப்பிட்டது. இத்தகைய மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுநீரகச் சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எளிதல்லவே.

முந்தைய அனுபவமும் அவர்களை எச்சரித்திருக்கும். 2017இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்க முயன்றபோது, யூட்டாவிலும் அர்கன்சாவிலும் அரங்குகள் நிரம்பி வழிந்தன. வராத உறுப்பினருக்காக மேடையில் காலி நாற்காலி போட்டு, மக்கள் தாமே கூட்டம் நடத்தினர். பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று தப்பிப் பிழைத்த மசோதா, ஜூலை 28 அன்று செனட்டில் 51-49 என்று வீழ்ந்தது. 2025இல் பல தொகுதிகளில் அரங்கக் கதவுகள் அடைபட்டிருந்தன. மசோதா 218-214 என்று நிறைவேறி, ஜூலை 4 அன்று சட்டமாயிற்று. இந்த வேறுபாட்டுக்குக் கதவு ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. ஆனால் கதவை அடைத்தவர்கள் அதன் மதிப்பை அறிந்தே அடைத்தனர். இதில் ஜனநாயகக் கட்சியினரும் தூயவர்கள் அல்லர். 2009 கோடையில் வலதுசாரிகளின் கூச்சலுக்கு அஞ்சி அவர்களிலும் பலர் தொலைபேசியை நாடியவர்களே.

அடைக்காமல் சென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2025 மே 30 அன்று ஐயோவா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட் மெடிக்கெய்டு வெட்டை நியாயப்படுத்திக் கொண்டிருந்தார். மக்கள் செத்துப்போவார்கள் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. நாம் எல்லோருமே ஒருநாள் சாகத்தான் போகிறோம் என்றார் செனட்டர். மறுநாள் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நின்றபடி, ‘மன்னிப்பு’ என்ற பெயரில் ஒரு கேலிக் காணொளியையும் வெளியிட்டார். நாடே அதைப் பார்த்தது. தொலைபேசியில் அந்தக் குரல் எழுந்தே இருக்காது. பொத்தானை அழுத்தாமல், பெயரைப் பதியாமல், வரிசையில் நிற்காமல் வந்த குரல் அது. வர்க்கத்தின் உண்மையான முகத்தை ஒரே நொடியில் வெளிக்கொணர்ந்ததும் அதுவே.

முதியோர், மாற்றுத்திறனாளிகள், இரவுப் பணியாளர்கள், நூறு மைல் தொலைவில் வாழ்வோர் ஆகியோருக்குத் தொலைபேசி உதவுகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அரங்கிற்கு வர இயலாதவர் வீட்டிலிருந்து கேட்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஹட்சனின் அறிவுரையில் முடமானோரைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. ஆயிரம் பேர் ஒரே இணைப்பில் இருந்தாலும் ஒருவரின் பெருமூச்சு இன்னொருவருக்குக் கேட்காது. தன் வீட்டு மருந்துச் செலவைப் பற்றிய கவலை அண்டை வீட்டிலும் உண்டு என்று அங்கே எவரும் அறிய வழியில்லை. அரங்கில் பிரதிநிதியைக் கண்டு கேட்பதைவிட, மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதே ஆட்சியாளர்களுக்கு ஆபத்தானது.

ஒருவழிக் குரல் இந்தியாவுக்கும் பழக்கமானதே. 2004 தேர்தலில் வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் கோடிக்கணக்கான தொலைபேசிகளில் ஒலித்தது, ஆட்சி போயிற்று. 2014 அக்டோபர் 3 முதல் மாதந்தோறும் ‘மன் கீ பாத்’ ஒலிக்கிறது. அங்கே பிரதமரின் மனம் பேசுகிறது, மக்களின் மனத்துக்கு ஒலிவாங்கி இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி ஒடிசாவின் நியாம்கிரி மலையில் அரங்கேறியது. உச்சநீதிமன்றத்தின் 2013 ஏப்ரல் தீர்ப்பின்படி, வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் குறித்து 12 கிராம சபைகள் கூட்டப்பட்டன. டோங்ரியா கோந்த் மக்கள் ஒருவர் முன் ஒருவராக எழுந்து நின்று பேசினர். பன்னிரண்டு சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. இதே கேள்வியை வீடுவீடாகத் தொலைபேசியில் ‘1 அல்லது 2’ என்று கேட்டிருந்தால் நிறுவனத்துக்கு எத்தனை வசதியாக இருந்திருக்கும்!

கிராம சபைகளில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பின்னர் எழுதும் வழக்கத்தை எதிர்க்கும் தோழர்கள், தம் சொந்தக் கிளைகளையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையை இட்டுவிட்டு, கட்டைவிரல் குறிகளை எண்ணி, கிளைக்கூட்டம் நடந்ததாகக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் எங்கெங்கு நுழைந்திருக்கிறது? பேச்சாளர் பேசி முடித்ததும், கேள்விக்கு நேரமில்லை என்று நன்றியுரைக்குத் தாவும் பொதுக்கூட்டங்கள் எத்தனை?