வகுப்பறையில் ஓட்டுப்பதிவு!

வாய் திறக்காத பிள்ளையும் பதில் சொல்கிறது

ஒரு பெரிய லாரி. ஒரு சின்னக் கார். இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன.

லாரி காரை இடிக்கிறது. காரும் லாரியை இடிக்கிறது. எந்த இடியின் பலம் அதிகம்?

"இது என்ன கேள்வி? லாரியின் இடிதான் பலமானது. கார்தானே அப்பளமாக நொறுங்குகிறது!" என்று சொல்லத் தோன்றும்.

அது தவறு. இரண்டு பலமும் சமம்! கார் எடை குறைந்தது. அதனால் அதே பலம் காரை அதிகமாகப் பாதிக்கிறது. நியூட்டன் என்ற விஞ்ஞானி கண்ட விதி இது.

தவறாகப் பதில் சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களே இப்படிப்பட்ட கேள்விகளில் தடுமாறினார்கள்!

பேராசிரியரின் திகைப்பு

ஹார்வர்டு பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1984-ம் ஆண்டு முதல் பவுதிகம் கற்பித்து வருபவர் எரிக் மசூர். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர்.

1990-ம் ஆண்டில் அவர் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். கணக்குப் போட வேண்டியது இல்லை. எல்லாம் மேலே கண்டது போன்ற எளிய கேள்விகள்தான்.

ஒரு மாணவி எழுந்தாள். "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதுவதா, அல்லது நான் மனதில் நினைக்கிறபடி எழுதுவதா?" என்று கேட்டாள்.

பேராசிரியர் திகைத்துப் போனார். பாடம் காதில் விழுந்திருக்கிறது. பரீட்சையில் மார்க்கும் கிடைத்திருக்கிறது. ஆனால், மனதுக்குள் பழைய எண்ணம் அப்படியே இருக்கிறது!

அவர் மீண்டும் விளக்கினார். புரியவில்லை. இன்னொரு முறை விளக்கினார். அப்போதும் புரியவில்லை. கடைசியில், "பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. ஆனால், சில நிமிடங்களில் மாணவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது!

ஏன்? பேராசிரியர் அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பு கற்றவர். எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. பக்கத்து மாணவனோ நேற்றுத்தான் அந்தக் குழப்பத்தில் இருந்து மீண்டவன். அவனுக்கு வழி தெரியும்.

இரண்டு முறை ஓட்டு

இதையே அவர் 1991-ல் ஒரு முறையாக்கினார்.

முதலில் கேள்வி. மாணவர்கள் தாங்களே யோசித்து, சரி என்று நினைக்கும் விடைக்கு ஓட்டுப் போட வேண்டும். வகுப்பில் சுமார் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னால், பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தால்? அதுதான் நல்ல சமயம்! மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். பிறகு, மறுபடியும் ஓட்டுப் போட வேண்டும்.

"தெரிந்தவன் சொல்வதைத் தெரியாதவன் காப்பி அடிப்பானே?" என்ற சந்தேகம் எழலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009-ல் வெளியாயிற்று. விவாதித்தவர்களில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாதபோதும், பேசிய பிறகு பலர் சரியான விடைக்கு வந்தார்கள்!

செல்போனில் வந்தது

தொடக்கத்தில் கையைத் தூக்கியும், அட்டையைக் காட்டியும் ஓட்டுப் போட்டார்கள். பிறகு, பொத்தானை அழுத்தும் சிறு கருவிகள் வந்தன. இப்போது இன்டர்நெட் மூலமே ஓட்டுப் போடுகிறார்கள்.

சுவீடன் நாட்டின் 'மென்டிமீட்டர்', நார்வே நாட்டில் 2013-ல் வெளிவந்த 'கஹூட்' ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. சுவரில் கேள்வி தெரியும். மாணவர்கள் செல்போனிலோ, கம்ப்யூட்டரிலோ விடையைத் தொடுவார்கள். எந்த விடைக்கு எத்தனை ஓட்டு என்பது நொடியில் தெரிந்துவிடும்.

இதனால் என்ன லாபம்?

"புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால், "புரிந்தது சார்!" என்று வகுப்பே கோஷமிடும். கேள்வி கேட்டால், முன் வரிசையில் நாலு பேர் கையைத் தூக்குவார்கள். பின் வரிசையில் ஒரு சிறுமி தலையைக் குனிந்து கொள்வாள். தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களே என்ற பயம்.

அவள் மனதில் இருக்கும் தவறு அன்று வெளியே வராது. ஆண்டுக் கடைசியில் பரீட்சைத் தாளில்தான் வரும். அப்போது திருத்த நேரம் ஏது?

பெயர் தெரியாமல் ஓட்டுப் போடும்போது அவளும் பதில் சொல்கிறாள். 40 பேர் கொண்ட வகுப்பில் தன்னைப் போல் இன்னும் 15 பேர் தவறு செய்தார்கள் என்று கண்டால், அவளுடைய பயம் பறந்து விடுகிறது!

ஆபத்தும் உண்டு

'கஹூட்' விளையாட்டில் சரியான விடையைச் சீக்கிரம் சொன்னவருக்கு அதிகப் புள்ளி. முதல் இடம் பிடித்தவர்களின் பெயர் திரையில் மின்னும். குழந்தைகளுக்குக் குதூகலம்தான். ஆனால், நிதானமாக யோசிக்கும் பிள்ளை பின்தங்கும். யோசிப்பதற்குப் பதில் குருட்டாம்போக்கில் தட்டிவிடும் பழக்கமும் வரலாம். எந்தப் பயத்தைப் போக்க இந்த முறை வந்ததோ, அதே பயம் பின் வாசல் வழியாக நுழைந்துவிடும்!

செல்போன் பிரச்சினையும் இருக்கிறது. பிரான்சு 2018-ல் சட்டம் செய்து, பள்ளிகளில் செல்போனுக்குத் தடை போட்டது. நெதர்லாந்து 2024 ஜனவரி முதல் வகுப்பறையில் தடுத்தது. ஆனால், பாடத்துக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்று இரு நாடுகளுமே விலக்கு வைத்திருக்கின்றன.

எல்லாப் பிள்ளைகளிடமும் செல்போன் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 'பிளிக்கர்ஸ்' என்ற முறையில், பிள்ளையின் கையில் ஒரு காகித அட்டைதான் இருக்கும். அதில் கறுப்புக் கட்டங்கள். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். சரி என்று நினைக்கும் பக்கத்தை மேலே வைத்துப் பிடித்தால் போதும். ஆசிரியர் தம்முடைய செல்போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பார். எல்லோருடைய விடையும் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை கட்டம் வேறுபடுவதால், பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் முடியாது.

முழுப் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கொடுத்தால், பிள்ளைகளின் விவரமும் வெளியே போகாது.

கருவி முக்கியம் அல்ல

கம்பெனிகள் கருவியை விற்கலாம். ஆனால், நல்ல கேள்வியை ஆசிரியர்தான் தயாரிக்க வேண்டும். ஓட்டு முடிந்ததும், "ஏன் இந்த விடையைச் சொன்னீர்கள்?" என்று கேட்க வேண்டியவரும் அவரே. அந்தக் கேள்வி இல்லாவிட்டால், ஓட்டுப்பதிவு வெறும் வேடிக்கை.

இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்பதே நம் வழக்கம். இனி, "இன்று எந்தக் கேள்விக்குத் தப்பாகச் சொன்னாய்? அது ஏன் தப்பு என்று தெரிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள்.

கோபம் இல்லாமல் கேளுங்கள். தவறைச் சொன்னால் அடி விழாது என்று தெரிந்த பிள்ளைதான், தவறை மறைக்காமல் திருத்திக் கொள்ளும்.