புறாக்களுக்கு ஒரு வக்காலத்து

'மிஷன் இம்பாசிபிள்' படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலிடத்துக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கடைசி இடத்துக்குச் சண்டையே வராது. 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தை அங்கே உட்கார வைத்துவிட்டு, தொடருக்கே திருஷ்டிப் பொட்டு என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவார்கள். அந்த ஆண்டு உலகம் முழுக்க அதிகம் வசூலித்த படம் அது. சுமார் 54 கோடி டாலர். வசூல் தரத்துக்குச் சாட்சி ஆகாது, சரி. அன்றைக்கு விசிலடித்த கூட்டம் இன்றைக்குப் படத்தைத் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் குற்றச்சாட்டு: எதற்கெடுத்தாலும் ஸ்லோமோஷன், எங்கே பார்த்தாலும் புறா. ஜான் வூவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, புறா ஏன் பறக்கிறது என்று கேட்டால் என்ன செய்வது? 'தி கில்லர்', 'ஹார்ட் பாயில்ட்' என்று ஹாங்காங்கில் துப்பாக்கிச் சண்டையை நடனமாக்கிய மனிதர் அவர். வாள்சண்டைப் படங்களின் பெரிய கையான சாங் செவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். ஹாலிவுட் இசைப்படங்களின் பித்தர். செவில் நகரத்து ஃபிளமெங்கோ ஆட்டத்தில், சுழலும் பாவாடைகளுக்கு ஊடே டாம் க்ரூஸும் தாண்டிவே நியூட்டனும் பார்த்துக்கொள்ளும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மலைப்பாதையில் ஒரு கார் துரத்தல். இரண்டு கார்களும் உரசி, கோத்துக்கொண்டு, ஜோடியாகச் சுழல்கின்றன. சற்றுமுன் அரங்கில் பார்த்த அதே ஆட்டம்! காதலைக் காரை வைத்துச் சொல்லியிருக்கிறார். விமர்சகர்கள் டயர் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றவே அரை நிமிடம் ஒதுக்கும் படங்களில் வளர்ந்த நம்மூர்க்காரர்களும் இந்த ஸ்லோமோஷனைக் கிண்டல் செய்வது தனிக்கூத்து.

அடுத்தது, திரைக்கதையே இல்லை என்கிற பல்லவி. எழுதியவர் 'சைனாடவுன்' தந்த ராபர்ட் டௌன். ஒரு விரலை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். வில்லன் ஆம்ப்ரோஸ் கோபத்தில் தன் அடியாள் ஸ்டாம்பின் சுண்டுவிரல் நுனியைச் சுருட்டு வெட்டியால் நறுக்கிவிடுகிறான். வெறும் கொடூரத்துக்கான காட்சி என்று நாம் மறந்துவிடுகிறோம். கடைசியில் ஸ்டாம்ப், பிடிபட்ட நாயகன் ஈதன் ஹன்ட்டை (க்ரூஸ்) இழுத்து வந்து போடுகிறான். ஆம்ப்ரோஸ் ஆசை தீரச் சுடுகிறான். அப்புறம்தான் செத்தவனின் கட்டுப்போட்ட விரல் அவன் கண்ணில் படுகிறது. முகமூடிக்குள் கிடப்பது ஸ்டாம்ப். ஸ்டாம்பின் முகத்தில் தப்பித்துப் போனவன் ஈதன். படத்தின் தொடக்கத்தில் ஈதனின் முகத்தைப் போட்டுக்கொண்டு நம்மை ஏமாற்றிய அதே ஆம்ப்ரோஸ், அதே வித்தையில் மாட்டிக்கொள்கிறான். இதற்குப் பெயர் திரைக்கதை இல்லையென்றால் வேறு எதற்கு?

முகமூடிகள் அளவுக்கு மீறிப்போய்விட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய குறை, தாண்டிவே நியூட்டன் நடித்த நயாதான். அவளுடைய கதையின் எலும்புக்கூடு ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946): காதலிக்கும் பெண்ணை, அவள்மேல் ஆசை வைத்த பழைய ஆளிடமே உளவுக்கு அனுப்பும் அவலம், குதிரைப் பந்தய மைதானத்து ரகசியப் பேச்சுகூட அங்கிருந்து வந்ததுதான். ஹிட்ச்காக் இங்க்ரிட் பெர்க்மனின் முகத்தை விட்டு நகரவே மாட்டார். இங்கே நயா, எல்லோரும் துரத்தும் கொடிய வைரஸைத் தனக்குத்தானே ஊசியில் ஏற்றிக்கொள்கிறாள். படத்திலேயே துணிச்சலான காரியம் அதுதான். அதற்குப் பிறகு படம் அவளைத் தெருவில் அலையவிட்டுவிட்டு பைக் ஓட்டப் போய்விடுகிறது. இந்தக் குறையை யாராவது சொல்லித் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அவர்கள் புறாவைத் திட்டுகிறார்கள்.

பைக்குகளுக்கே வருவோம். எதிரெதிரே பாய்ந்து வரும் இரண்டு பைக்குகளிலிருந்து ஈதனும் ஆம்ப்ரோஸும் தாவி, அந்தரத்தில் மோதிக்கொண்டு, மணலில் விழுந்து, எழுந்து அடித்துக்கொள்கிறார்கள். நம்ப முடியாதாம். சில நிமிடங்களில் வரும் கத்திக் காட்சியில் க்ரூஸின் கண்ணுக்குக் கால் அங்குலத்தில் நிற்பது நிஜக் கத்தி. அளந்து கட்டிய கம்பி வடம்தான் அதை நிறுத்தியது. உண்மையான ஈதனை நாம் முதலில் பார்ப்பதே யூட்டா மாநிலத்துச் செங்குத்துப் பாறையில்தான். அங்கே ஏறுவது க்ரூஸ். பிடித்திருந்த வடத்தைப் பிற்பாடு படத்திலிருந்து அழித்திருக்கிறார்கள். 2011-இல் வந்த பாகத்தில் அவர் புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடிச் சுவரில் தொங்கியபோதும் வடம் இருந்தது, அதையும் அழித்தார்கள். அதற்கு எழுந்து நின்று கைதட்டிய பேனாக்கள் பாறைக் காட்சியை இன்றுவரை 'தலைமுடி விளம்பரம்' என்றுதான் எழுதுகின்றன.