எட்டடிக் காம்பராவுல எதைக் கழிக்கிறது?

வீட்டைக் காலி பண்ணுங்க, மனசு லேசாகும் என்று இப்போது ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். 2019இல் மேரி கொண்டோவின் நிகழ்ச்சி நெட்பிளிக்ஸில் வந்தபோது பிடித்த காய்ச்சல், இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடு, மகிழ்ச்சி தருதா பாரு, தரலைன்னா நன்றி சொல்லி அனுப்பிவிடு. நன்றி சொல்லச் சொன்ன வரைக்கும் அந்தம்மா மேல் எங்களுக்கு மரியாதைதான். ஆனா அட்டனிலயும் நுவரெலியாவிலயும் லயத்தில் பிறந்து கெம்பஸ் வரைக்கும் வந்த நம்ம ஆட்களே இந்தப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாயியின் தகரப்பெட்டிக்கு முன்னால் உட்காருவதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

முதலில் காகிதம். கொண்டோவின் கணக்கில் காகிதம் எல்லாமே கழிக்க வேண்டியது. கட்டாயம் தேவை என்றால்தான் மிச்சம். நம்ம கதை தலைகீழ். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ச்சியாக இங்கே இருந்ததை நிரூபி என்றது. எதை வைத்து நிரூபிக்க? கையில் காகிதம் இருந்தவருக்கே வழி இருந்தது. வாசிக்கத் தெரியாத சனம் ஒவ்வொரு துண்டையும் மடித்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தது சும்மா இல்லை. 2003இல் இன்னொரு சட்டம் வரும்வரை இந்தப் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை. அந்தக் காகிதத்தில் மகிழ்ச்சி இருக்கா என்று கேட்டால் இல்லைதான். பயம் இருக்கு. அதற்காகவே அது வீட்டில் இருக்க வேண்டும்.

கொடுக்கிறது ஒன்றும் நமக்குப் புதுசில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள், பாகப்பிரிவினையில் அண்டா குண்டா பிரிக்கிற மாதிரி. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. ஏறியவர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தோளில் தூக்கிக்கொண்டா போனார்கள்? பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தார்கள். ஆடு, கோழி, லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்தி, எல்லாமே யாரோ ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. வாங்கினவருக்குக் கொடுத்தவரைத் தெரியும். அம்மியில் அரைக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் வாயில் வரும். மனசு லேசாவதற்காக யாரும் அதைக் கொடுக்கவில்லை.

இப்போது நடப்பது வேற. ஏழு பேர்ச் காணியில் புது வீடு கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் லயத்தை விட்டு இறங்கும்போது, கொழுந்துக்கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பழைய இரும்புக்காரருக்குப் போகின்றன. கம்பளி அடுப்புக்குப் போகிறது. படித்த பிள்ளைக்கு விருந்தாளி முன்னால் அது வெட்கமாம். நாற்பது வருஷம் அந்தக் கூடையின் கயிறு யார் தலையில் அழுந்தியதோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தப் பக்கம் கொழும்புக்காரர்களின் தர்மம். மண்சரிவு என்றதும் மூட்டை மூட்டையாய் வரும் துணிகளில் பொத்தான் இல்லாத சட்டை எத்தனை, சிப் அறுந்த காற்சட்டை எத்தனை என்று பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் அலுமாரி சுத்தமாகிறது, நம்ம இஸ்தோப்பு நிறைகிறது.

"வைக்க இடமில்லையே" என்பீர்கள். உண்மைதான். பத்துக்குப் பன்னிரண்டடியில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் எதை எங்கே வைக்கிறது? ஆனா அங்கே கூடிப்போனது சாமான் இல்லை, குறைவாகக் கிடைத்தது நிலம். காணி உறுதி கேட்க வேண்டிய வாயால் ஏழைக்கு எளிமை போதிக்கிறதை முதலில் நிறுத்த வேண்டும்.

கழிக்கத்தான் வேண்டும் என்றால் ஆளைப் பார்த்துக் கொடுப்போம். தப்பை அடிக்கிற பொடியனுக்கு, காமன் கூத்துக் கிரீடத்தை அடுத்து மன்மதன் வேஷம் கட்டுகிறவனுக்கு, அம்மியை அரைக்கிறவளுக்கு. யார் செய்தது, எந்த மாசியில் கட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். ஒருவருமே இல்லையென்றால் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் 2007இலிருந்து தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. பழைய லயத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரும்புக்கடைக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் அது கடைசி வழிதான். அங்கே போய்விட்டால் தப்பு சத்தம் போடாது.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கத் தொடங்கும்போதுதான் இந்தக் கொலை அதிகம் நடக்கிறது. இந்த முறை பெட்டியைத் திறக்கும்போது அம்மாயியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். "இப்ப வேணாம், இருக்கட்டும்" என்று சொன்னால், மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அதைச் சுற்றி வெள்ளையடியுங்கள்.