மக்குப் பிள்ளையும் குறட்டையும்



வகுப்பில் கடைசிப் பலகையில் உட்கார்ந்து தூங்கி வழிகின்ற பிள்ளையை நம் நாட்டில் என்னவென்று சொல்லுகிறார்கள்? உபாத்தியாயர் "மக்கு" என்கிறார். பாட்டி "தலையெழுத்து" என்கிறாள். சோதிடன் "ஜாதகத்தில் வித்தைக்கு இடமில்லை" என்கிறான். சாதித் திமிர் பிடித்தவனோ, "இவன் குலத்துக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அந்தப் பிள்ளை இராத்திரி எப்படித் தூங்கிற்று, எப்படி மூச்சு விட்டது என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் திருச்சி காட்டூரில் நண்பர் ஒருவர் வீட்டில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அவருடைய 7 வயது மகன் பக்கத்துப் பாயில் வாயைத் திறந்தபடி பெரிய ஆளைப்போல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று குறட்டை நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சோ வரவில்லை. சற்றுப் பொறுத்துத் திடுக்கிட்டுப் புரண்டு மூச்சை இழுத்தான். இரவெல்லாம் இதே கதை. காலையில் விசாரித்தோம். "பேய் அமுக்குகிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். படிப்பு வரச் சரஸ்வதி பூசையும் செய்கிறோம்" என்றார் தாயார். கையில் கயிறு இருந்தது. பரீட்சையில் மார்க்குத்தான் இல்லை.

பேய் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதையும், தொண்டையின் இரு பக்கமும் டான்சில் என்ற சதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. 2 முதல் 8 வயதுக்குள் சிலருக்கு இவை மிகவும் பெருத்து மூச்சு வழியை நெருக்குகின்றன. தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும்போது வழி அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பிள்ளையை அரைகுறையாக எழுப்பி மூச்சு விடச் செய்கிறது. ஆகவே பத்து மணி நேரம் படுத்தும் அது தூங்கியதாகாது. பகலில் கவனம் நிற்காது. சில பிள்ளைகள் சோர்ந்து விழாமல், அடங்காமல் திரியும். அதற்கும் பிரம்படி! நூற்றுக்கு 1 முதல் 5 பிள்ளைகள் வரை இந்தக் கஷ்டம் உண்டென்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இது புதுச் சங்கதியுமல்ல. 1889-லேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கிலேய டாக்டர், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கு மூச்சடைப்பும் ஒரு காரணமென்று எழுதினார். 1998-இல் அமெரிக்காவில் டேவிட் கோசால் என்பவர், முதல் வகுப்பில் மிகப் பின்தங்கிய 297 பிள்ளைகளைச் சோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு. அவர்களில் 24 பேருக்குச் சதையை நீக்கினார்கள்; 30 பேருக்குச் சிகிச்சை நடக்கவில்லை. மறு வருடம் அந்த 24 பேருடைய மார்க்கு ஏறிற்று. 30 பேருடையது ஏறவில்லை. ஜாதகமும் மாறவில்லை, குலமும் மாறவில்லை. மூச்சு வழி மாத்திரமே திறந்தது.

இதனால் கயிற்றை விட்டுக் கத்தியைக் கும்பிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2013-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், 464 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு உடனே சதை நீக்கி, மறு பாதியைக் காத்திருக்கச் செய்தார்கள். ஏழு மாதத்தில், நீக்கியவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் திருந்தின. கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையிலோ பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 46 பேருக்கு மூச்சு தானாகவே சரியாயிற்று. ஆகவே மருந்தா, அறுவையா, பொறுத்திருப்பதா என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பகுத்தறிவு என்பதே அதுதான்.

பெற்றோர்களே! பிள்ளை பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, நடுவில் மூச்சு நிற்கிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா, வளர்ந்த பிறகும் பாயை நனைக்கிறதா என்று கவனியுங்கள். செல்போனில் இரண்டு நிமிஷம் படம் பிடித்து, திருச்சி அரசு பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். உபாத்தியாயர்களே! தூங்கி விழும் பையனை அடிக்குமுன், இரவு தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

காட்டூர் நண்பர் பையனை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார். கயிற்றை அவிழ்க்கத் தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை. பையன் ஒரு மாதம் நன்றாகத் தூங்கட்டும். அவரே அவிழ்த்து விடுவார்.