மலைக்கு மேலே ஒரு தபால்காரர்

இலங்கைப் பொறியியலாளர்கள் தங்கள் கையாலேயே செய்த முதல் செய்மதிக்கு இராவணா-1 என்று பெயர். தரிந்து தயாரத்ன, துலானி சாமிக விதானகே என்ற இருவர் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் அதைச் செய்தார்கள். 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அதை வெளியே விட்டார்கள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீற்றர், எடை ஒரு கிலோ சொச்சம். பத்துத் தலைக்காரனின் பெயரை இவ்வளவு சின்னச் சாமானுக்கு வைத்தார்களே என்று எல்லப் பக்கத்து ஆட்கள் குறைப்பட்டால் நியாயம்தான். அவன் பெயரில் குகையும் நீர்வீழ்ச்சியும் அங்கேதானே இருக்கின்றன!

இலங்கையைப் படம் பிடிப்பது அதற்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. எனக்குப் பிடித்தது இன்னொன்று: கொஞ்ச மின்சாரத்தில் வெகுதூரம் போகிற 'லோரா' வானொலியைச் சோதித்துப் பார்ப்பது. எல்ல இருக்கிற ஊவாவுக்குப் படத்தால் பெரிய பிரயோசனம் இல்லை என்பது என் கட்சி. ஒக்டோபரில் மழை பிடித்தால் தை வரைக்கும் நமுனுகுலை மலை தலையைக் காட்டாது. மண் சரிவதும் அந்த மாதங்களில்தான். மேலே இருக்கிற கமெராவுக்கு முகிலின் முதுகுதான் தெரியும்.

முகிலையும் இருட்டையும் தாண்டிப் பார்க்க ராடார் வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி. ரொக்கெற், பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனத்தின் ராடார் செய்மதி ஒன்றைக் கொண்டுபோனது. ஓர் ஆளின் எடைதான் இருக்கும். ஆனாலும் பச்சை மூடிய சரிவில் மண் மெல்ல நகர்வதை ராடாரால் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. அதே ரொக்கெற்றில் இன்னும் பொடிசாக நான்கு செய்மதிகள் போயின. ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனம் அனுமதி வாங்காமலே அனுப்பியவை. இவ்வளவு சின்னதை வானில் கண்காணிக்க முடியாது என்று அதிகாரிகள் முன்பே மறுத்திருந்தார்கள். பிறகு ஒன்பது லட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது.

அந்தத் திருட்டுச் செய்மதிகளின் வேலைதான் நமக்குத் தோதானது. மலையில் நட்ட மழைமானி தன் கணக்கை லோராவில் சின்னச் செய்தியாக அனுப்பும். தலைக்கு மேலே போகிற செய்மதி அதை வாங்கி வைத்துக்கொண்டு, தரை நிலையத்தைக் காணும்போது இறக்கிவிடும். தபால்காரர் வேலை. கோபுரமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் பாதையும் கரண்டும் போனும் ஒன்றாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால் இந்தத் தபால்காரர் நாளுக்குச் சில தடவைதான் வருவார், வந்தாலும் பத்து நிமிடம் தங்கமாட்டார். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அந்த அளவைத் தொடுகிற நேரத்தில் செய்மதி வேறு கண்டத்துக்கு மேலே நிற்கலாம். ஒன்று போதாது, கூட்டமாகப் பறக்க வேண்டும்.

கூட்டமாகப் பறந்தாலும் கொஸ்லந்தை மீரியபெத்த எனக்கு நினைவுக்கு வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் அதே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. தெரியாமல் நடந்ததல்ல. தோட்டத்தில் பல வீடுகளுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. கடிதம் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்குப் போகும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். எச்சரிக்கையும் அந்த வழியாகத்தான் வருகிறது, சில நேரம் தமிழே இல்லாமல்.

அதனால் என் யோசனை இது. மழைமானியின் லோரா கருவியை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் ஒரு சைரனோடும் நேராகக் கோத்துவிட வேண்டும். தரையில் சில கிலோமீற்றர் போக அதற்குச் செய்மதி தேவையில்லை. செய்மதி கொழும்புக்குக் கணக்கைச் சொல்லட்டும், சைரன் லயத்துக்குச் சொல்லட்டும். பற்றரி மாற்றுவது தோட்டக் கம்பனியா, பிரதேச சபையா என்று சண்டை வரும். சபை தோட்டத்துக்குள் காசு செலவழிக்க 2018 இல் சட்டம் திருத்தப்பட்டதால், சட்டம் இடம் தராது என்று முன்பு சொன்ன சாக்கை அது இனிச் சொல்ல முடியாது.